சின்னையா பொட்டு

ஓய்வு பெற்றவன் நிம்மதியாக உட்கார வேண்டுமாம். பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. எனக்குத்தான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். எழுந்துபோய் பிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பேன். பால்கனிக்குப் போய், ஏர்கோன் பெட்டி ஊதுகிற காற்றில் புறங்கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

"பிரிட்ஜ் நல்லா இருக்கான்னு பாக்கணும்னா கதவத் தொறந்து பாருங்க. பின்னால என்னத்தத் தடவுறீங்க?" என்பாள் என் மனைவி சரோஜா.

பின்னால்தான் விஷயமே இருக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து பிடுங்கிய சூட்டை அது பின்பக்கமாகத்தான் வெளியே தள்ளுகிறது. பின்னால் சூடு வரவில்லை என்றால் முன்னால் குளிராது. இதை எடுத்துச் சொன்னால், "சரி லா, இஞ்சினியர் சார், மொதல்ல பாசாருக்குப் போய் கீரை வாங்கிட்டு வாங்க" என்று பையைக் கையில் திணித்துவிடுவாள். நான் இஞ்சினியர் இல்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்து தலை நரைத்தவன். அவ்வளவுதான்.

தீபாவளி நெருங்குகிற நேரம் அந்த ஆலையிலிருந்து ஒரு போன் வந்தது. தேவி என்று ஒரு பெண். நான் போன பிறகு என் இடத்துக்கு வந்தவள். வாட்ஸாப் குழுவில்தான் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

"அங்கிள், மூணாம் நம்பர் ஹீட்டரக் கழட்டியாச்சு. புதுசு வந்து பூட்டியாச்சு. பழசு இரும்புக் கடைக்குப் போகப் போவுது. புதுப் பசங்களுக்கு இந்த வெப்பமாற்றின்னா என்னன்னே சரியா வெளங்கல. நீங்க ஒரு நாலு வரி எழுதிப் போடுங்களேன், உங்க காலத்துக் கதையோட."

மூன்றாம் நம்பரைத்தான் சொன்னாள். போனை வைத்த பிறகு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நாலு வரியில் அடங்குகிற சங்கதியா அது? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன். குழந்தையின் பால் போத்தல் ரொம்பச் சூடாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு சட்டித் தண்ணீரில் வைப்பீர்கள். பால் தண்ணீரோடு கலப்பதில்லை. போத்தலின் சுவர் வழியாகச் சூடு மட்டும் தண்ணீருக்குப் போகிறது. வெப்பமாற்றி என்பது இவ்வளவுதான். சூடான ஒன்றும் ஆறிய ஒன்றும் ஒரே சுவரின் இரு பக்கமும் போய்க்கொண்டிருக்கும், ஒன்றையொன்று தொடாது. கொஞ்ச நேரத்தில் சட்டித் தண்ணீரும் சூடாகிவிடும், அப்புறம் பால் ஆறாது. இரண்டு பக்கமும் வித்தியாசம் இருக்கிற வரைக்கும்தான் சூடு நகரும். அதனால்தான் ஆலையில் எதையும் நிற்க விடுவதில்லை. எண்ணெய் ஒரு பக்கம் ஓடினால் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஓடி வரும். எதிரெதிரே ஓடினால் கடைசி வரைக்கும் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும்.

சுவரின் பரப்பு கூடினால் சூடு வேகமாகப் போகும். மமாக் டீக்கடைக்காரர் தே தாரிக் என்கிற பால் தேநீரை உயரத் தூக்கி நீட்டி ஊற்றுவது வேடிக்கைக்கு மட்டுமில்லை; நீண்டு விழுகிற தேநீருக்குக் காற்றுப் படுகிற பரப்பு அதிகம், சீக்கிரம் ஆறும். அதே போல, சுவரில் அழுக்குப் படிந்தால் அது கம்பளி போர்த்தின மாதிரி. சூடு அந்தப் பக்கம் போகத் திணறும். பாடம் முடிந்தது.

இதையெல்லாம் எனக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கத்தான் வேண்டும். ஷா ஆலமில் படித்தேன், சர்ட்டிபிகேட் வாங்கினேன், பாதி மறந்தேன். மண்டையில் ஏறியது மிஸ்டர் லிம்மிடம் வேலைக்கு வந்த பிறகுதான்.

லிம் எங்கள் தலைமைப் பொறியாளர், எங்கள் போஸ். ஒல்லியான மனிதர். கொளுத்துகிற கொதிகலன் அறையிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது ஓடவில்லை என்றால் அதன் எதிரே வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஸ்பானரைத் தேடி ஓடுகிறவனைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. பிறகு புறங்கையைக் குழாய்க்கு அருகே கொண்டுபோவார். உள்ளங்கை எப்போதும் இல்லை; உள்ளங்கை வெந்தால் நாளைக்கு வேலை செய்ய முடியாது என்பார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வரும்.

"பானாஸ் பெர்கி மானா?"

சூடு எங்கே போகிறது? எங்கள் ஆலையில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம், அதனால் இந்தக் கேள்வி எல்லோருக்கும் தெரியும். "குறைந்துவிட்டது போஸ்", "வீணாகிவிட்டது போஸ்" என்று யாராவது சொன்னால் லிம்மின் முகம் சுருங்கும். எதுவும் தொலைவதில்லை, நமக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது, அந்த இடத்தைக் காட்டு என்பார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பதிலைத் தெரிந்துகொண்டே கேட்கிற வாத்தியார் போல இருக்கிறாரே என்று முணுமுணுப்பேன். அவருக்கும் பல தடவை பதில் தெரிந்திருக்கவில்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது.

இனி சின்னையா. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஆலையில் குத்தகை ஆளாகப் பல வருடம் இருந்தார். குத்தகை ஆள் என்றால் எல்லா வேலையும் உண்டு, வேலைக்கு உத்தரவாதம் மட்டும் கிடையாது. பெயின்ட் அடிப்பார், வெப்பம் காக்கிற தகடு சுற்றுவார், எங்களுக்கு ஒத்தாசைக்கு வருவார். நான் சொல்லப் போகிற அந்த வருடம் அவரை நிரந்தரமாக்க லிம் எழுதிக் கொடுத்திருந்தார். தீபாவளி முடிந்ததும் உத்தரவு வரும் என்று பேச்சு. சின்னையாவின் வீட்டில் அதற்காகவே ஒரு முழுக்கைச் சட்டை வாங்கி வைத்திருந்தார்கள். லிம் மாதிரி போட்டுக்கொண்டு வரப் போகிறேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆயுத பூஜை எங்கள் ஆலையில் பெரிய விஷயம். ஆலை நிற்கும். தமிழர்கள் மெஷின்களைத் துடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். மலாய்க்காரர்களும் சீனர்களும் சுண்டலுக்கும் பொரிக்கும் வரிசையில் நிற்பார்கள். யார் பகுதி மெஷின் பளபளப்பு என்று எங்களுக்குள் ஒரு போட்டி உண்டு. அந்த வருடம் மூன்றாம் நம்பர் சின்னையாவுக்கு வந்தது. வெள்ளி நிறத்தில் அடித்து முடித்தபோது புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. லிம்மே வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவது லேசில் நடக்காது.

மூன்றாம் நம்பரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். படுக்க வைத்த பெரிய உருளை. உள்ளே கட்டுக் கட்டாக மெல்லிய குழாய்கள். குழாய்களுக்குள் சமையல் எண்ணெய் போகும். குழாய்களைச் சுற்றி, கொதிகலனிலிருந்து வருகிற ஹாட் ஆயில் ஓடி அதைச் சூடாக்கும். ஹாட் ஆயில் வாயில் வைக்கக் கூடாத சரக்கு. குழாய்களின் முனையைப் பிடித்து நிற்பது துளைத்தட்டு. சாதாரண ஹீட்டரில் ஒரு முனைக்கு ஒரு தட்டு இருக்கும். சாப்பாட்டு எண்ணெய் என்பதால் இதில் இரண்டு தட்டு, நடுவே ஒரு விரல் இடைவெளி. ஒரு தட்டில் ஒழுகினாலும் ஹாட் ஆயில் அந்த இடைவெளிக்குத்தான் வரும், சமையல் எண்ணெய்க்குள் போகாது. இடைவெளியை ஒரு தகட்டுப் பட்டை மூடியிருக்கும். பட்டையின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. ஒழுகல் அது வழியாகத் தரையில் சொட்டும். நாங்கள் அதைப் பார்த்து மெஷினை நிறுத்துவோம். கோள்சொல்லி ஓட்டை என்று அதற்குப் பேர்.

பூஜை முடிந்து ஆலை ஓட ஆரம்பித்த சில நாளில், கூரைக்கு அருகே இருக்கிற ஹாட் ஆயில் தொட்டியில் மட்டம் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம்தான். ஊற்றி நிரப்பினோம். மறுபடியும் இறங்கியது.

லிம் வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை சூட்டைக் கேட்கவில்லை. "மின்யாக் பெர்கி மானா?" என்றார். எண்ணெய் எங்கே போகிறது?

பம்ப், வால்வு, குழாய் இணைப்பு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பழைய துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். எங்கேயும் ஈரம் இல்லை. மூன்றாம் நம்பருக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது, அதனால் அதை எல்லோருமே தாண்டிப் போனோம். வெளியே தீபாவளிச் சரக்குக்காக லோரிகள் வரிசை கட்டி நின்றன. நிரம்பிய சமையல் எண்ணெய்த் தொட்டியைத் திறந்துவிடச் சொல்லி விற்பனைப் பிரிவிலிருந்து ஓயாமல் போன். அந்த எண்ணெயில்தான் கிள்ளானிலும் கம்போங் மேடானிலும் முறுக்குச் சுடப் போகிறார்கள். என் வீட்டிலும்தான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லிம் எங்களை மூன்றாம் நம்பர் பக்கத்தில் கூப்பிட்டு, சாக்பீஸால் தரையில் படம் போட்டார். இரண்டு தட்டு, நடுவே இடைவெளி, அடியில் ஓட்டை. இதில் ஒழுகல் இருந்தால் இங்கே சொட்டியிருக்கும், சொட்டவில்லை, ஆகவே இது இல்லை, வேறு இடம் தேடுங்கள் என்றார். கூட்டம் கலைந்தது. சின்னையா மட்டும் படத்தைப் பார்த்தபடி நின்றார்.

அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன்.

அப்போது அவர் மனதில் ஓடியதைப் பின்னாளில் அவரே எனக்குச் சொன்னார். பூஜைக்குப் பெயின்ட் அடிக்கும்போது பட்டையின் அடியில் ஒரு ஓட்டையைக் கண்டிருக்கிறார். திருகாணி கழன்று போன இடம் என்று நினைத்து, சூடு தாங்குகிற பசையை வைத்து அடைத்து, மழமழவென்று தேய்த்து, மேலே வெள்ளி அடித்துவிட்டார். மறு முனையிலும் அப்படியே. சாமிக்குப் படைக்கிற மெஷினில் ஓட்டை இருக்கலாமா? அழகுக்குத்தான் அடைத்தார். அந்த அழகைத்தான் நாங்கள் எல்லோரும் பாராட்டினோம்.

அடைத்தவர் அவர் என்பது வேறு யாருக்கும் தெரியாது. எல்லோரும் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து ஒரு கம்பியால் பெயின்டைச் சுரண்டிவிட்டிருந்தால் போதும். எண்ணெய் சொட்டும். ஒழுகல் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு மெஷினை நிறுத்தியிருப்போம். அவர் உத்தரவும் தீபாவளிக்குப் பிறகு ஒழுங்காக வந்திருக்கும். ஆனால் போன எண்ணெயெல்லாம் தரையில் சொட்டித்தான் போனது, நாங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நம்பியிருப்போம். தொட்டியில் இருந்த சமையல் எண்ணெய் சுத்தம் என்று திறந்துவிட்டிருப்போம், லோரிகள் கிளம்பியிருக்கும். ஓட்டை பூஜையிலிருந்தே அடைபட்டிருந்தது என்று ஒருவர் வாயால் சொன்னால்தான் தொட்டி எண்ணெய் லோரிக்குப் போகாமல் நிற்கும்.

"போஸ்" என்று கூப்பிட்டார் சின்னையா. லிம் திரும்பினார்.

"லூபாங் சாயா தூத்தோப்." ஓட்டையை நான் மூடிவிட்டேன்.

லிம் சாக்பீஸ் படத்தின் அருகே திரும்பி வந்தார். எப்போது என்று மட்டும் கேட்டார். பூஜைக்கு என்றார் சின்னையா. லிம் என்னிடம் திரும்பி, "லோரிகளைத் திருப்பி அனுப்பு, தொட்டியைப் பூட்டு, மெஷினை நிறுத்து" என்றார். அதே மெல்லிய குரல்தான். மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

நிறுத்துவது என்றால் சுவிட்சைத் தட்டுகிற வேலையில்லை. கொதிகலன் நெருப்பை அணைத்த பிறகும் ஹாட் ஆயிலை ஓட விட வேண்டும். நின்றால் குழாய்க்குள்ளேயே கருகிப் பிடித்துக்கொள்ளும். அது ஆறிய பிறகுதான் பம்பை நிறுத்தி, இரு பக்க வால்வுகளையும் மூடி, பூட்டுப் போட்டு, சாவியைப் பூட்டியவனே சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை அந்தப் பட்டையை யாரும் நெருங்கக் கூடாது என்று லிம் கயிறு கட்டச் சொன்னார். நான் அங்குமிங்கும் நடந்தேன். சின்னையா கயிற்றுக்கு வெளியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆறியதும், "நாந்தான் அடச்சேன், நானே தொறக்கிறேன் மணியம்" என்றார் சின்னையா என்னிடம். லிம் தலையாட்டினார். முகத்துக்குக் கவசமும் நீளக் கையுறையும் மாட்டச் சொல்லி, ஓட்டைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வைத்தார். சின்னையா கம்பியால் வெள்ளியைச் சுரண்டினார். பசை பெயர்ந்தது. கறுப்பாக ஒரு இழை பீச்சியடித்தது. தீய்ந்த வாடை. நிற்கவே மாட்டேன் என்பது போல வந்துகொண்டே இருந்தது. போக வழியில்லாமல் இடைவெளிக்குள் முட்டிக்கொண்டு நின்ற எண்ணெய், இரண்டாவது தட்டில் பலவீனமான இடம் தேடி உள்ளே போயிருக்கிறது. தொட்டி எண்ணெயைச் சோதித்தார்கள், கலந்துதான் இருந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. அத்தனையும் சாப்பாட்டுக்கு இல்லாமல் வேறு வேலைக்கு ஒதுக்கினார்கள்.

கோலாலம்பூர் தலைமையகம் தப்புக்குப் பொறுப்பு யார் என்று ஒரு பேரைக் கேட்டது. லிம் காரை எடுத்துக்கொண்டு நேரில் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு முன்பே சின்னையாவின் குத்தகை முடிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் லிம்மின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன். "சொல்லாம இருந்திருந்தா வேலையில இருந்திருப்பாரு. சொன்னதுக்கு இதுவா கூலி?" என்று கத்தினேன், தமிழில். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார். தன் பேரையும் சேர்த்துத்தான் கொடுத்ததாக மலாயில் சொன்னார். ஓட்டையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது தன் தப்பு என்று அங்கே சொன்னாராம். "அவர்கள் அவனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். என் கோபம் இன்றுவரை ஆறவில்லை. அன்று பிடித்ததுதான் இந்தக் கால் ஆட்டம் என்று சரோஜா சொல்வாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு லிம் குங்குமக் கிண்ணத்தைத் தானே கேட்டு வாங்கினார். மூன்றாம் நம்பர் முன்னால் முட்டி போட்டு, ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார். பிறகு ஓட்டையை விட்டுவிட்டு அதைச் சுற்றி வளையமாகப் பொட்டு வைத்தார். "இனி சின்னையா புஞ்யா" என்றார். இது சின்னையாவுடையது. அதற்கப்புறம் இப்படி ஓட்டை உள்ள எல்லா மெஷினிலும் முதல் பொட்டு ஓட்டையைச் சுற்றித்தான். லிம் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன்.

சின்னையா கிள்ளானில் வீட்டு கேட்டுகளுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் பெயின்ட் அடித்துப் பிழைத்தார். தீபாவளிக்குத் தீபாவளி பார்ப்போம். எத்தனையோ பேசுவோம், ஆலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எனக்கும் வாய் வராது. அந்த மெஷின் இரும்புக் கடைக்குப் போகிறது என்ற பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கூட்டாளியோடு வருகிறேன் என்று தேவிக்குச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

"வரமாட்டேன்னு சொன்னா விடவா போறே?" என்று சின்னையா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஏறினார். பழைய முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாதது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. தெலுக் பங்லிமா காராங் வரை நெரிசல். நான் வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

மூன்றாம் நம்பர் கொட்டகை ஓரத்தில் இரண்டு மரக்கட்டைகள் மேல் கிடந்தது. தேவி சுறுசுறுப்பான பெண். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தோ என்னவோ, எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்தாள்.

"இது பாருங்க அங்கிள், இந்த ஓட்டைய சுத்தி செவப்பா இருக்குல்ல? இது சின்னையா பொட்டு. ஓட்டைய மறைக்காம வைக்கணும். புதுசுலயும் ஓரத்துல இதே மாதிரி ஒழுகல் வழி இருக்கு, அங்கயும் இந்த வருசம் வச்சிட்டோம்."

சின்னையா மெதுவாகக் குனிந்து பட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வருடக்கணக்கான குங்குமம் ஏறி ஏறி வளையம் தடித்திருந்தது.

"யாரும்மா அந்தச் சின்னையா?" என்று கேட்டார்.

"தெரியல அங்கிள். பெரிய இஞ்சினியரா இருந்திருப்பாரு லா. இல்லன்னா பேரு வைப்பாங்களா?"

அவர் வளையத்தை விரலால் தடவினார். சுண்டு விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். "தொறந்துதான் இருக்கு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"அங்கிள், உங்க பேரச் சொல்லவே இல்லியே?" என்றாள் தேவி.

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

"சின்னையா" என்றார், விரலை எடுக்காமலே.